வெள்ளை வளையம்

மேல்வளவு, கல்வராயன் மலை
2.8.2023

அன்பு சந்திராவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே சோற்றுக்கும் தூக்கத்துக்கும் குறைவில்லை. உன் அண்ணனுக்கு முட்டி வலி மழைக்கு வருகிறது, வெயிலுக்குப் போகிறது. உனக்குப் போன மாதச் சளி விட்டதா?

என் எலுமிச்சை நூற்று நாற்பது மரமும் கருத்துக்கொண்டு வருகிறது. இலையில் அடுப்புக்கரி பூசியது போல் இருக்கிறது. காயும் அப்படித்தான். வெள்ளிமலைச் சந்தையில் ஒருத்தி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதென்னாம்மா, அடுப்புல போட்டு எடுத்தாந்தியா?" என்று கேட்டாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு வரவில்லை.

உன் அண்ணன் சொல்லிவிட்டார். "தை பொறந்தா வெட்டிட்டு மரவள்ளிக் குச்சி நட்டுடலாம். கருத்துப்போன மரத்த வெச்சிகினு இன்னா பண்றது?" சின்னசேலத்தில் மரம் அறுக்கும் மிஷின்காரனிடம் பேசியும் வைத்துவிட்டார்.

இந்த வளவில் நிலத்துக்கெல்லாம் ஆம்பளை பேர்தான், உனக்குத் தெரியும். இதை மட்டும்தான் பவானி கொல்லை என்கிறார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த வருடம் நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றியது. மரம் போனால் அந்தப் பேரும் போய்விடும்.

போன் உன் அண்ணன் சட்டைப் பையில் இருக்கிறது. டவர் பாறை உச்சியில் இருக்கிறது. கடிதம்தான் எனக்குக் கைக்கெட்டும் வசதி. பயிர்ப்பூச்சிக்கு மருந்து செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள் நீ, பார்த்துச் சொல், கூடவே இலையும் வரும். கண்டக்டர் பிச்சைமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ மாமா மகனை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் படிக்கக் கீழே இறங்கியதிலிருந்து மூன்று வருடமாக உன் பேரை எடுக்காத உன் அண்ணன், இலையை உனக்கு அனுப்புகிறேன் என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

பவானி

&nbsp;

கள்ளக்குறிச்சி
9.8.2023

அன்புள்ள அண்ணிக்கு,

சளி போய்விட்டது, தும்மல் மட்டும் மிச்சம். அண்ணனின் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

உங்கள் இலை வந்தது, குழம்பாக வந்தது. பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வேர்த்து அழுகிவிடும். பிச்சைமுத்து அண்ணன் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் முன்னால் பையைத் தூக்கிக் காட்டி, "இந்தாம்மா, அண்ணி கீரை கடஞ்சி குடுத்தனுப்பிச்சிருக்கு" என்றார். அடுத்த முறை செய்தித்தாளில் வைத்து, ஓரத்தை மடித்து, கடிதத்துக்குள்ளேயே வையுங்கள்.

அழுகியது போக மீந்ததை வைத்தே ஓரளவு சொல்லிவிடுவேன். கருப்பு, மரத்தின் நோயல்ல. அது இலை மேல் படியும் ஒரு பூசணம். துடைத்தால் வந்துவிடும். அதற்குச் சோறு போடுகிறவரைத்தான் பிடிக்க வேண்டும். இலையைத் திருப்பி, நடு நரம்பை ஒட்டிப் பாருங்கள். துவரம்பருப்பில் பாதி அளவில், பச்சையாக, தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் கீறினால் ஈரம் வரும். அது செதில் பூச்சி. ஒட்டிய இடத்திலேயே உட்கார்ந்து சாறு குடித்து, இனிப்பாகக் கழிகிறது. அந்த இனிப்பில்தான் கரும்பூசணம் வளர்கிறது. எறும்பும் அதற்காகத்தான் ஏறுகிறது. மரத்தில் எறும்பு ஜாஸ்தியா என்று எழுதுங்கள்.

தை பிறக்க ஐந்து மாதம் இருக்கிறது. அது போதும்.

சந்திரலேகா

&nbsp;

மேல்வளவு
20.8.2023

அன்பு சந்திராவுக்கு,

நாங்கள் சௌக்கியம். சாமை களை எடுத்ததில் இடது கையில் அரிவாள் பட்டது, ஆறிவிட்டது. ரூமில் தனியாகச் சமைக்கிறாயா, கடையில் சாப்பிடுகிறாயா? கடைச் சோறு வேண்டாம்.

நீ சொன்னபடியே கீறிப் பார்த்தேன். ஈரம் வந்தது. இத்தனை நாள் அதை இலையின் தழும்பு என்று நினைத்திருந்தேன். எறும்பு சாரை சாரையாகப் போகிறது. இலை ஏழு வைத்திருக்கிறேன்.

பக்கத்துக் கொல்லை பாவாயி அக்கா நான் கீறுவதைப் பார்த்துவிட்டு, "இன்னா பவானி, மரத்துக்குப் பேன் பாக்கறியா?" என்றது. நீ ஏதோ பூசணத்தை வளர்த்துப் பூச்சிக்கு நோய் வரவைப்பாய் என்று சொன்னேன். போன வருடம் நீ பேசும்போது கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அக்கா விடவில்லை. "நோய்க்கு நோயத் தின்னக் குடுக்கறாளா உன் நாத்தனா? நல்லாப் படிச்சா போ" என்றது. உன் அண்ணன் வரப்பில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தால் அனுப்பு. சாமைச் சோற்றில் வளரும் என்றால் நானே ஆக்கிப் போடுகிறேன்.

பவானி

&nbsp;

கள்ளக்குறிச்சி
1.9.2023

அன்புள்ள அண்ணிக்கு,

கை ஆறியதில் நிம்மதி. கடைச் சோறு சாப்பிடுவதில்லை, நான் வைக்கும் ரசம் அதைவிட மோசம்.

ஏழு இலையும் பச்சை மாறாமல் வந்தன. நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரே இலையில் ஐம்பத்து மூன்று பூச்சி எண்ணினேன். சந்தேகமில்லை, பச்சைச் செதில் பூச்சிதான். அதற்கு உரிய பூஞ்சை எங்களிடம் இருக்கிறது. அரிசி நொய்யை அரைவேக்காடாக வேகவைத்து, பையில் அடைத்து, அதில் வளர்க்கிறோம். சாமையிலும் வளரும், பாவாயி அக்காவிடம் சொல்லுங்கள்.

அதன் வித்து பூச்சியின் மேல் ஒட்டி, தோலைத் துளைத்து உள்ளே போய், உள்ளிருப்பதையெல்லாம் தின்றுவிட்டு வெளியே வருகிறது. வந்ததும் செத்த பூச்சியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் கட்டும். மரத்துக்கும் நமக்கும் ஒன்றும் ஆகாது. இதை எழுதும்போது தோன்றியது: பூச்சிக்கு வரும் நோயை நாம் நோய் என்று சொல்வதேயில்லை, மருந்து என்கிறோம். பூச்சியிடம் கேட்டால்தான் தெரியும்.

எங்கள் முதலாளி வெங்கடேசன் சார் தயங்கினார். "மலைல போய்ப் பலிக்கலன்னா பேரு கெட்டுடும்மா" என்றார். பலிக்கும், அங்கே மேகம் இறங்கும், ஈரம் நிற்கும், அதுதான் இதற்கு வேண்டும் என்றேன். பொட்டலங்களைக் கொடுத்துவிட்டார், இந்தக் கடிதத்தோடு வருகின்றன.

முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டேங்கை நன்றாகக் கழுவி, பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். வெயில் தாழ்ந்தபின், இலையின் பின்பக்கம் நனையும்படி அடியுங்கள். பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் தெரியாது. பிறகு வெள்ளை தெரியும். தெரிந்ததும் எழுதுங்கள்.

சந்திரலேகா

&nbsp;

மேல்வளவு
24.9.2023

அன்பு சந்திராவுக்கு,

எல்லோரும் நலம். ரசத்துக்கு மிளகைக் கடைசியில் போடு, முதலில் போட்டால் கசக்கும்.

எட்டாம் தேதியும் ஒன்பதாம் தேதியும் அடித்தேன். டேங்கு தூக்கித் தோள் வீங்கிவிட்டது. பத்தாம் நாள் காலையில் போனேன். இலையைத் திருப்பினால் கண்ணாடி வளையல் அடுக்கியது போல் வெள்ளை வளையம். ஒவ்வொரு வளையத்துக்கு நடுவிலும் ஒரு பூச்சி. கீறினேன். ஈரம் வரவில்லை, பொடியாக உதிர்ந்தது. ஒரு மரம், இரண்டு மரம் என்று பார்த்துக்கொண்டே போய், உச்சிவேளை வரைக்கும் கஞ்சி குடிக்க மறந்துவிட்டேன்.

மழை நின்றபாடில்லை. வெள்ளை ஜாஸ்தியாகிக்கொண்டே போகிறது. பாவாயி அக்கா, "கருப்பு போயி வெள்ளை வந்துச்சே, இது இன்னா எழவு" என்றது. பார்க்க வந்த ஆட்களும் மரத்துக்கு வெண்குஷ்டம் என்றுதான் பேசிக்கொண்டு போனார்கள். உன் அண்ணன் தினம் ஒரு முறை கொல்லைக்குப் போய் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வருகிறார். என்ன பார்த்தீர்கள் என்றால், "சும்மா ஆட்ட ஓட்டிகினு வந்தேன்" என்கிறார். நம்மிடம் ஆடு கிடையாது.

பவானி

&nbsp;

கள்ளக்குறிச்சி
30.9.2023

அன்புள்ள அண்ணிக்கு,

தோள் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்தீர்களா? மிளகுக்கு நன்றி.

உங்கள் கடிதத்தோடு வந்த இலையை வெங்கடேசன் சார் மேஜையில் வைத்தேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் யாருக்கும் வாங்கித் தரமாட்டார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. மழைத் துளி தெறித்து அது தானாகவே இலைக்கு இலை போகும். எறும்பும் தெரியாமல் சுமந்துகொண்டு போகும். வளர்த்தவனுக்கே எமனைத் தூக்கிக்கொண்டு போகிற எறும்பு. தீபாவளிக்குள் புதுத் தளிர் சுத்தமாக வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை இரண்டு இலை மட்டும் அனுப்புங்கள்.

சந்திரலேகா

&nbsp;

கள்ளக்குறிச்சி
28.10.2023

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலம்தானே? நான்கு வாரமாகக் கடிதமில்லை. பிச்சைமுத்து அண்ணனிடம் இரண்டு முறை கேட்டேன். "அண்ணி ஒண்ணும் குடுக்கலம்மா, ஆனா ரோட்ல பாத்தேன், நல்லாத்தான் கீது" என்றார். நன்றாக இருந்தால் போதும். இலை வராவிட்டாலும் இரண்டு வரி வரட்டும்.

சந்திரலேகா

&nbsp;

மேல்வளவு
14.11.2023

அன்பு சந்திராவுக்கு,

தீபாவளி நல்லபடியாகப் போனது. உனக்கு எடுத்து வைத்த அதிரசம் கெட்டுவிடுமென்று அனுப்பவில்லை. தங்கை பிரசவத்துக்காக அக்டோபரில் ஒன்பது நாள் அம்மா வீட்டில் இருந்தேன். பெண் குழந்தை, மூன்று கிலோ. சாமை அறுப்பு முடிந்தது, இந்த வருடம் மணி நன்றாகப் பிடித்திருக்கிறது. பாவாயி அக்கா பசு கன்று போட்டது. உன் அண்ணனுக்கு முட்டி வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, தோளும் வலிக்கிறது என்கிறார்.

மரம் சரியில்லை. வெள்ளை போய்விட்டது. பூச்சி முன்னைவிட ஜாஸ்தி. தளிரிலெல்லாம் ஏறிவிட்டது. உன் மருந்து நம் மலைக்கு ஒத்துவரவில்லையோ என்னவோ. உன்மேல் ஒன்றும் குறையில்லை. நீ சாரிடம் பேச்சு வாங்காமல் இருந்தால் சரி. இரண்டு இலை வைத்திருக்கிறேன், கேட்டாய் என்பதற்காக.

தைக்கு மிஷின் வருகிறது.

பவானி

&nbsp;

கள்ளக்குறிச்சி
20.11.2023

அன்புள்ள அண்ணிக்கு,

குழந்தைக்கு என் முத்தம். பெயர் வைத்துவிட்டார்களா? அண்ணனின் தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலையைப் பார்த்தேன். நீலம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியில் மெல்லிய பொடியாகத் தெரிகிறது. பூசண நோய்க்கு அடிக்கும் காப்பர் மருந்து அது. பூசணம் நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது, எல்லாவற்றையும் கொல்லும். பூச்சியை மட்டும் ஒன்றும் செய்யாது. நோய் செத்தது, நோயாளி எழுந்து உட்கார்ந்துவிட்டான். அதனால்தான் பூச்சி பெருகியிருக்கிறது. மருந்து மலைக்கு ஒத்துவராமல் போகவில்லை.

டேங்கில் ஏற்கெனவே காப்பர் இருந்து, கழுவாமல் விட்டுப்போனதா?

சந்திரலேகா

&nbsp;

மேல்வளவு
1.12.2023

அன்பு சந்திராவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். குழந்தை பெயர் செந்தமிழ்ச்செல்வி, கூப்பிடுவது செல்வி.

நீ சொன்னதுதான். டேங்கைக் கழுவவில்லை. என் தப்பு. இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. மரத்தைப் பற்றி நினைக்காமல் உன் வேலையைப் பார்.

பவானி

&nbsp;

கள்ளக்குறிச்சி
8.12.2023

அன்புள்ள அண்ணிக்கு,

செல்வி என்ற பெயர் நன்றாக இருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, இரண்டு நாளாக இதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன்.

டேங்கு காரணமல்ல. டேங்கில் காப்பர் இருந்திருந்தால் பூஞ்சை முளைத்தே இருக்காது. நீங்கள்தான் வளையல் அடுக்கியது போல் என்று எழுதினீர்கள். இலையில் நீலம், செத்துப்போன வளையத்தின் தடத்துக்கு மேலே படிந்திருக்கிறது. அதாவது வளையம் கட்டிய பிறகு யாரோ அடித்திருக்கிறார்கள்.

யார் என்று இலை சொல்லாது. நானும் கேட்கப் போவதில்லை. ஆனால் வேறொன்றைச் சொல்கிறது. நீலம் பின்பக்கத்தில், நரம்பின் ஓரம் வரைக்கும், ஒரே சீராக இருக்கிறது. மரம் எப்படிப் போனால் என்ன என்று நினைக்கிற ஆள் நின்றவாக்கில் மேலாக அடித்துவிட்டுப் போவார். இவர் குனிந்து, கிளை கிளையாகத் தூக்கிப் பிடித்து அடித்திருக்கிறார். இரண்டு நாள் வேலை அது. மரம் சாகக் கூடாது என்று நினைத்த ஒருவர் செய்தது.

இதில் என் தப்பும் உண்டு. வெள்ளை வரும் என்று உங்களுக்குத்தான் எழுதினேன், கொல்லையைப் பார்க்கிற மற்றவர்களுக்கு எழுதவில்லை. இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதம் நானே நாற்பது பை வளர்ப்பை, நொய் ஊசிப்போய்விட்டது என்று நினைத்துக் குழியில் கொட்டியிருக்கிறேன். வெள்ளையாகப் படர்ந்ததைப் பார்த்தால் பயம் வருவது இயற்கை.

ஒன்று மட்டும் பாருங்கள். கொல்லையின் கிழக்கு ஓரத்தில் சாமி கல் இருக்கிறது. அந்த எல்லைக்குள் செருப்பும் போகாது, மருந்து டேங்கும் போகாது. நீங்களும் அடித்திருக்க மாட்டீர்கள், அடித்தவரும் அடித்திருக்க மாட்டார். அங்கே நான்கு மரம் உண்டு. மழை தெறித்துப் பூஞ்சை தானாக அங்கே போயிருந்தால், அதை இதுவரை யாரும் தொடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் இலையைத் திருப்பிப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் மிஷின் வரட்டும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

சந்திரலேகா

&nbsp;

மேல்வளவு
26.12.2023

சந்திரலேகாவுக்கு,

அருள் எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கு சுகம்.

பவானிக்கு நீ எழுதிய கடிதம் நான் டீ குடிக்கும் இடத்தில் நாலு நாள் பிரித்தபடி கிடந்தது. அவள் படிக்கச் சொல்லவில்லை. எடுத்து வைக்கவும் இல்லை. அஞ்சாம் நாள் படித்தேன்.

அடித்தது நான்தான். அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம். மரமெல்லாம் வெளுத்து நின்றது. தினம் போய்ப் பார்த்தேன், வெள்ளை கூடிக்கொண்டே போனது. மருந்துக் கடையில் ஓர் இலையைக் காட்டினேன். "இது பூசணம்ணே, நீல மருந்து அடி" என்றான். இரண்டு நாள் அடித்தேன். அவள் வந்து பார்த்தாள். இலையில் நீலம் அன்றைக்குக் கண்ணுக்கே தெரிந்தது. அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நான் செய்ததை உனக்கு எழுதினால் நமக்குள் இன்னும் விட்டுப்போகும் என்று தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெட்டுவேன் என்று சொன்னதும் நான்தான். இப்படிக் கருத்துக் கிடப்பதை அவள் தினம் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

சாமி கல் பக்கம் போனேன். நாலு மரமும் பச்சை. பழைய இலையில் வளையம் இருக்கிறது, புது இலையில் பூச்சி கிடையாது. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பாவாயி அக்கா பார்த்துவிட்டு, "இன்னாடா அருளு, சாமி வந்துடுச்சா?" என்றது.

மிஷின்காரனிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்திருக்கிறேன். அந்த நாலு மரத்திலிருந்து வளையம் உள்ள குச்சிகளாக வெட்டி, பூச்சி ஜாஸ்தியாக உள்ள பதினோரு மரத்தில் நாரால் கட்டிவிட்டேன். மழை தெறித்துப் போகும் என்று எழுதியிருந்தாயே, பனி சொட்டினாலும் போகும் என்று நினைத்தேன். மறுபடி தப்பு செய்துவிட்டேனா என்று இரண்டு நாளாகத் தூக்கமில்லை. கட்டியது சரியா? நீலம் அடித்த மரத்தில் இது பிழைக்குமா? பவானி கேட்கச் சொல்லவில்லை. நான் கேட்கிறேன். பதில் போடு.

அருள்

&nbsp;

கள்ளக்குறிச்சி
1.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். உன் கையெழுத்து மாறவில்லை.

கட்டியது சரி. நூறு வருடத்துக்கு முன்பு கடல் தாண்டிய ஊர்களில் பழத்தோட்டக்காரர்கள் இதையேதான் செய்தார்கள் என்று ஒரு பழைய புத்தகத்தில் படித்திருக்கிறேன். வளையம் உள்ள குச்சியைக் கொண்டுபோய் நோயில்லாத பூச்சி மேல் சொட்டும்படி கட்டுவார்கள். உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கும் அது தோன்றவில்லை, மறுபடி பொட்டலம் அனுப்பத்தான் நினைத்திருந்தேன்.

நீலத்தைப் பற்றிப் பயப்படாதே. அடித்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, மழை பெருமளவு கழுவியிருக்கும். அடித்த பிறகு வந்த தளிரில் நீலமே இருக்காது. பூச்சி இப்போது இருப்பதும் அந்தத் தளிரில்தான். குச்சியை மரத்தின் உச்சியில் கட்டு, சொட்டுவது கீழே இறங்கும். காலையில் பனி அதிகம் தங்கும் பள்ளத்து மரங்களில் முதலில் கட்டு. அந்த நான்கு மரத்தையும் ஒரே நாளில் மொட்டையடித்துவிடாதே, கால்வாசிக்கு மேல் வெட்ட வேண்டாம். பங்குனி வெயிலுக்குள் எல்லா மரத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அண்ணியின் மரம் பிழைக்கும். இதை நம்பிக்கையில் சொல்லவில்லை, நீ எழுதியதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

பதினோரு மரம் முடிந்தது. சாமி கல் நான்கும் போக மீதி நூற்று இருபத்தைந்து. முட்டி வலியோடு நீ தனியாக ஏறிக் கட்ட முடியாது. ஆறாம் தேதி சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், நான்கு நாள் இருப்பேன். அண்ணிக்குத் தனியாக எழுதவில்லை. நான் வருவதை நீதான் சொல்ல வேண்டும்.

சந்திரலேகா